நடுக்கடலுக்குத் தனிச் சந்தா

எங்கள் தெருவில் "எப்போது வருகிறார்?" என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. முத்தையாபுரத்தில் அந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இது தெரியாது. எதிர்வீட்டு அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஏதாவது பேச வேண்டுமே என்று, "அண்ணன் எப்பக்கா வாராங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா முறத்தில் இருந்த பயறிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படிக் கேக்கக் கூடாதுளா. கம்பெனிக்காரன் இந்த மாசம் இறக்கி விடுதேம்பான், பொறவு ஆளு கெடைக்கல, இன்னும் ரெண்டு மாசம் ஓட்டும்பான். நாம நாளு எண்ணி ஏமாந்து போவோம். எங்கன நிக்காருன்னு கேளு."

"எங்கன நிக்காங்க?"

"அது யாருக்குத் தெரியும்? நடுக்கடல்ல எங்கயாவது நிப்பாரு."

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அப்படித்தான் என் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

என் போனில் கப்பல்களைக் காட்டும் ஒரு செயலி இருந்தது. கல்லூரிக் கடைசி வருடத்தில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றிய ப்ராஜெக்டுக்காக வாங்கியது. வரைபடத்தில் ஒவ்வொரு கப்பலும் ஒரு சின்ன அம்புக்குறி. கரைக்குப் பக்கத்தில் இருக்கும் கப்பல்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கரையைத் தாண்டிவிட்டால் செயற்கைக்கோள் வழியாகத்தான் தெரியும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். அப்போது ஒரே ஒருமுறை கட்டினால் போதும், எல்லாக் கடலும் திறந்துவிடும். விடுதிப் பெண்கள் படத்துக்குப் போன இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் போகாமல் இருந்து அதை வாங்கினேன். ப்ராஜெக்ட் முடிந்தபிறகும் அழிக்கவில்லை. ஏரலில், ஆற்றங்கரை ஊரில் வளர்ந்தவள் நான். கடலை எனக்குப் பழக்கப்படுத்தியது அந்தச் செயலிதான்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர் கப்பலில் வேலை செய்கிறார் என்றதும், தனியாகப் பேசச் சொன்ன நேரத்தில் நான் கேட்ட முதல் கேள்வி கப்பலின் பெயர். கடைசியாக இறங்கி வந்த கப்பலின் பெயரை அவர் சொன்னார். நான் அங்கேயே போனை எடுத்துத் தேடி, "இப்ப அது ஆப்பிரிக்காவுக்குக் கீழ போயிட்டு இருக்கு" என்றேன். "நான் ஏறியிருந்தப்பக்கூட எனக்கு இவ்வளவு வெவரம் தெரியாது" என்று சிரித்தார். கல்யாணமாகி, இந்த வீட்டைப் பார்த்து, கேஸ் இணைப்பு வாங்கி, மின்விசிறி மாட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த கப்பல் ஏறிப் போய்விட்டார். அவருடைய பெற்றோர் மூத்த மகனோடு கோவையில் இருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு மென்பொருள் வேலை. அதனால் நான் இங்கே.

பேருந்தில் இறங்கி வீட்டுக்கு வந்து விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்படும். எதிர்வீட்டு அக்கா, கடைசி வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண், மகனை எண்ணெய்க் கப்பலுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் ஓர் அத்தை. மூன்று பேரும் என்னை "இஞ்சினியர் பிள்ள" என்பார்கள். நான் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கூடுதலாக வாங்கிப் போட்டேன்.

அத்தையின் மகன் இருந்த கப்பலை வேறு ஒரு கம்பெனி வாங்கிப் பெயரை மாற்றிவிட்டது. அவர் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் மாறினாலும் கப்பலுக்கென்று உள்ள எண் மாறாது என்று விளக்கி, எண்ணை வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். "பேர எத்தனை தடவ வேணும்னாலும் மாத்தட்டும். எம்பிள்ள உள்ளதான இருக்கான்?" என்று அம்புக்குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டார். விரல் பட்டதும் படம் பெரிதாகி வெறும் நீலமாகிவிட்டது. பதறிப்போய்க் கையை எடுத்தார்.

"அமுக்கிட்டியளே அத்தை, கப்பல் முங்கிட்டு" என்றாள் கடைசி வீட்டுப் பெண். அத்தை அவள் தொடையில் ஓர் அடி வைத்தார்.

அவர்கள் போனபிறகு நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு என் கணவரின் கப்பலைப் பார்ப்பேன். அவர் எங்கே நிற்கிறார் என்று அவர்கள் கேட்டதில்லை. பதில் எப்போதும் என் கையில் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு காலையில் பேருந்தில் செயலியைத் திறந்தபோது நடுக்கடல் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்தது. அதன்மேல் ஒரு பூட்டுப் படம். கீழே, நீண்ட காலமாக உடன் இருப்பதற்கு நன்றி சொல்லி ஓர் அறிவிப்பு. இனிமேல் ஆழ்கடலுக்கு மாதச் சந்தா. பழைய கட்டணம் கட்டியவர்களுக்குக் கரையோரக் கப்பல்கள் மட்டும் எப்போதும்போல் தெரியும். அதாவது, காசே கட்டாதவர்களுக்கும் தெரிவது. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் மூன்று மாதம் எல்லாக் கடலும் இலவசம்.

நானும் மென்பொருள் எழுதுகிறவள்தான். அவர்கள் பக்கத்தை முதலில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். செயற்கைக்கோள் தகவலை அவர்களும் மாதாமாதம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். சர்வர் செலவு நிற்காது. ஒருமுறை வாங்கிய காசில் ஆயுள் முழுக்க யாருக்கும் சேவை செய்ய முடியாது. எல்லாம் சரி. ஆனால் அதை விற்கும்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டியது அவர்கள், நான் இல்லை. சந்தா கேட்டதைவிட, நேற்றுவரை அந்தச் செயலியின் பெயரையே கேள்விப்படாத ஒருவருக்குத் திறந்து கொடுப்பதை எனக்குப் பூட்டியதுதான் உறுத்தியது. இதைக் கண்ணியமான சொற்களில் எழுதி அவர்களுக்கு அனுப்பினேன். முன்பு வந்த அறிவிப்பையே பதிலாக அனுப்பினார்கள், தொடக்கத்தில் என் பெயரைச் சேர்த்து.

அன்று சாயங்காலம் கடையில் அண்ணாச்சியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, புதுசா வாரவங்களுக்குச் சும்மா குடுத்துட்டு, தினமும் வார என்கிட்ட மட்டும் காசு வாங்குவியளா?"

"எதுக்கு, கருவேப்பிலைக்கா?"

"எல்லாத்துக்கும்தான்."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "புதுசா வாரவன் நாளைக்கும் வருவானான்னு தெரியாதுல்லா. அவனுக்குத்தான் கொறச்சுக் குடுக்கணும். நீ எங்க போயிரப் போற? அடுத்த கடைக்கு மெயின்ரோடு தாண்டணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கொத்துக் கருவேப்பிலையை என் பைக்குள் போட்டார்.

இருட்டியதும் மூன்று பேரும் வழக்கம்போல் வந்தார்கள். நான் போனைக் காட்டினேன்.

"பூட்டிட்டானா? நீ துட்டு குடுத்தவதானளா?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"அது பழைய துட்டாம்க்கா."

"துட்டுல என்ன பழசு புதுசு? செல்லாதுன்னா திருப்பிக் குடுக்கச் சொல்லு."

கடைசி வீட்டுப் பெண் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள். "புதுசா சேந்தா மூணு மாசம் சும்மான்னு போட்டிருக்கேக்கா. அப்ப எங்க போன்ல வருமா?"

வரும் என்றேன். அந்தச் சாயங்காலம் முழுக்க அதுதான் வேலை. மூன்று போன்களிலும் செயலியை ஏற்றினேன். அவரவர் கப்பலின் எண்ணைச் சேமித்தேன். இலவசக் காலம் முடிந்தால் வங்கியிலிருந்து தானாகப் பணம் போய்விடும் என்பதால், கடைசி நாளுக்கு ஒவ்வொரு போனிலும் நினைவூட்டல் வைத்தேன். மூன்றுக்கும் ஒரே மணியோசை. எந்தப் பட்டனை அமுக்கி நிறுத்துவது என்பதையும் தமிழில் ஒவ்வொரு வரியாக எழுதி வைத்தேன். அத்தைக்கு மட்டும் படத்தோடு. எனக்கு அரைகுறையாக எதையும் செய்ய வராது.

மறுநாள் கதவு தட்டப்படவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. யார்மீதும் குறை சொல்ல முடியாது. வருவதற்கு இருந்த ஒரே காரணத்தை நானே எடுத்துப் பங்கிட்டுக் கொடுத்திருந்தேன். தெருவில் பார்த்தால் சிரித்தார்கள். "நல்லா தெரியுது பிள்ள, இப்பதான் மலேசியாவத் தாண்டுதான்" என்று அத்தை தூரத்திலிருந்தே போனை ஆட்டிக் காட்டினார். நான் தலையசைத்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன். கூடுதல் நாற்காலிகளின் மேல் துவைத்த துணி சேர்ந்தது.

நானும் வேறு மின்னஞ்சலில் புதியவளாகச் சேர்ந்திருக்கலாம். சில நிமிட வேலை. ஒருமுறை பாதிவரை போனேன். "எங்களை எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டது. அங்கேயே நிறுத்திவிட்டேன். இத்தனை வருடம் இருந்துவிட்டு, இப்போதுதான் வருகிறேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தா கட்டவும் முடியாமல் இல்லை. எங்கள் வீட்டு ஒரு வார மீன் செலவுகூட வராது. கட்டினால், அவர்கள் செய்தது சரிதான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பலில் இணையத்துக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் மிச்சம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடுவார்.

"இந்த வாரம் கப்பல் எங்க போகுதுன்னு நீ சொல்லவே இல்லயே?" என்றார்.

"சந்தா கேக்காங்க. கட்டல."

"கட்டிற வேண்டியதுதான?"

"நியாயமில்லைல்லா. பழைய ஆளுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?"

"நல்லா கேட்ட போ. நான் ஒவ்வொரு தடவ எறங்கும்போதும் கம்பெனிக்காரன் கணக்க முடிச்சு அனுப்பிருதான். திரும்ப ஏறும்போது புதுசா கையெழுத்து. நேத்து வந்த பயலுக்கும் எனக்கும் ஒரே பேப்பர்தான்."

"அது மட்டும் நியாயமா?"

"நான் எங்க நியாயம்னு சொன்னேன்? நீ ஏன் கத்துத?"

நான் கத்தவில்லை என்று சொல்வதற்குள் அட்டை தீர்ந்துவிட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. கிடைத்த நேரத்தை முழுக்க நியாயத்துக்குச் செலவழித்திருந்தேன்.

இலவசக் காலம் முடியும் நாள் என் போனிலும் குறிக்கப்பட்டிருந்தது. மூன்று வீட்டுக்கும் நிறுத்திக் கொடுக்க வேண்டும். அன்று வேலையிலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினேன். வழியில் பேக்கரியில் மக்ரூன் வாங்கினேன். நாற்காலிகளிலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, முன்னறையைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

குறித்த நேரத்துக்கு எதிர்வீட்டில் மணி அடித்தது, நான் வைத்த அதே ஓசை. சற்றுத் தள்ளி அத்தை வீட்டிலும் கடைசி வீட்டிலும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக நின்றன. நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்த வழிமுறை அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது.

மக்ரூன் பெட்டியை அலமாரியில் வைத்தபோது கேட் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்கா கையில் போனோடு நின்றார்.

"நிறுத்திட்டேம்ளா. நீ எழுதினபடியே செஞ்சேன், டக்குனு முடிஞ்சிட்டு. நடுச்சாமம் வரைக்கும் ஓடுமாம். அதான், உங்க வீட்டுக்காரரு எங்கன நிக்காருன்னு கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன். இத்தனை நாளா ஒருவாட்டிகூட கேக்கலன்னு இப்பதான் தோணிச்சு."

"தெரியலக்கா."

"தெரியலயா? தெருவுக்கே சொன்னவ நீ!"

"எனக்குத்தான் பூட்டிட்டாங்களே. உங்கள மாதிரி நான் புதுசா சேரலக்கா."

அக்கா செருப்பைக் கழற்றினார். "அத வந்து சொல்ல மாட்டியாளா?" என்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து போனை நீட்டினார். "கப்பல் எண்ணச் சொல்லு."

எண்ணைச் சொன்னேன். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினார். நீலத்தின் நடுவில் பச்சை அம்புக்குறி ஒன்று வந்தது. அதன் முனை எங்கள் கரைக்கு எதிர்த்திசையில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. தொட்டால் பெரிதாகிவிடும்.

மறுநாளிலிருந்து மூன்று வீட்டுக்கும் கடல் பூட்டிக்கொண்டது. அந்த வாரமே அக்கா ஒரு முடிவோடு வந்தார். நான்கு வீடும் சேர்ந்து ஒரே ஒரு சந்தா, ஒரே போனில். "உன் போன்லதான் போடணும், நீதான் பழைய ஆளுன்னு நான் சொன்னேன். ஆனா நீ காலைல போனா பொழுது சாய வாரவ. அத்தைக்குப் பகல்ல பாக்கணும். எங்க வீட்டுலயே இருக்கட்டும், என்ன?"

சரி என்றேன். சரியான முடிவுதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் வடிவமைத்திருப்பேன். என் பங்கைக் கொடுத்தேன். சந்தா நியாயமா என்று என்னைக் கேட்டால், இன்றும் இல்லை என்றுதான் சொல்வேன்.

இப்போது பேருந்து இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. எதிர்வீட்டுக் கேட்டில் நிற்பேன். முதல் நாள் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அத்தையின் சிரிப்புச் சத்தமும் குழந்தையின் அழுகையும் கேட்டன. பிறகு கூப்பிட்டேன்.

"அக்கா, எங்க ஆளு எங்கன நிக்காரு?"

"கடல்லதான்ளா நிக்காரு, வேற எங்க நிப்பாரு? வா, வந்து உக்காரு. பாத்துச் சொல்லுதேன், கண்ணாடியத் தேடிட்டு இருக்கேன்."