ஜாபர் பாய் எடுக்காமல் விட்ட சத்தம்

செய்தி வந்தபோது நான் உளுந்தூர்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கடை வாசலில் நின்று ஜாபரைத் திட்டுவதற்காகப் போனைக் கையில் எடுத்திருந்தேன். வலப்பக்க லிங்க் ராடு கேட்டால் இடப்பக்கத்துக்கு ஆர்டர் சொல்லிவிட்டிருந்தான். அந்தப் பக்கம் போனை எடுத்தது அவன் மகள் நஸ்ரீன். "மாமா, அத்தா போயிட்டாரு" என்றாள். எங்கே போனான் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். லாரிகளின் இரைச்சலில் அவள் அழுவது எனக்கு முதலில் கேட்கவே இல்லை.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் எங்கள் பட்டறைக்கு வந்தவர்களுக்கு அவனைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் சேர்ந்து ஆரம்பித்த கடை; சேர்ந்து சண்டை போட்ட கடை என்றால் இன்னும் பொருத்தம். ஆனால் அவன் போனதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஸ்பேனரை எடுக்கிறேன், வைக்கிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

வண்டியின் முன்பக்கம் சத்தம் வருகிறது என்று யார் வந்தாலும் ஜாபர் உடனே சக்கரத்தைக் கழற்ற மாட்டான். இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, "யாரும் பேசக்கூடாது" என்பான். ஒரு முறை திருநாவலூர்க்காரர் ஒருவர் அந்தச் சத்தத்தின் வரலாற்றையே சொல்லத் தொடங்கினார். "அண்ணே, நீங்க சொன்னா உங்க குரல் கேக்குது. வண்டிய பேச வுடுங்க" என்றான். வேகத்தடையில் ஏறி இறங்கச் சொல்வான். மறுபடி அதே வேகத்தடை, இப்போது பிரேக்கை லேசாகத் தொட்டபடி. தொட்டதும் 'டொக்' நின்றுவிட்டால் பிரேக் பேடு ஆடுகிறது என்று அர்த்தம். நிற்காவிட்டால் சஸ்பென்ஷன், லிங்க் ராடோ, புஷ்ஷோ, அல்லது நாங்கள் இருவரும் பயப்படும் பால் ஜாயிண்டோ. அது கழன்றால் சக்கரமே மடங்கிப் படுத்துவிடும்.

அவன் தவறே செய்யாதவன் என்று நான் சொல்ல வரவில்லை. செத்துப்போனவனை மகானாக்கினால் அவனே எழுந்து வந்து என்னை அடிப்பான். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில், தியாகதுருகத்து அரிசிக்கடைக்காரரின் காரை ஜாக்கியில் தொங்கவிட்டபடியே சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டான். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்குப் போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழிந்துபோகும். கிழிந்தது. வண்டி முன்னைவிட அதிகச் சத்தத்தோடு திரும்பி வந்தது. ரோடு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், நானும் கண்ணைக் காட்டினேன். "ரோடு மேல பழி போடாத சேகரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பி, "தப்பு என்னுது, வண்டி மேல ஒன்னும் இல்ல" என்றான். அரிசிக்கடைக்காரர் அதற்குப் பிறகு வேறு பட்டறைக்குப் போனதே இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு வேன் வந்த நாளையும் சொல்ல வேண்டும். கரியாலூர்ப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். டிரைவரின் முகத்தில் களையே இல்லை. "பாய், முன்னாடி டொக்கு டொக்குனு அடிச்சிக்கினே இருக்கு. சக்கரம் கழண்டுக்கும்னு யாரோ சொல்லி வுட்டுட்டாங்க. ஒருத்தரும் புள்ளைங்கள ஏத்த மாட்டேங்குறாங்க" என்றார். பிரேக்கைத் தொட்டதும் சத்தம் நின்றது. பேடை ஆடாமல் அழுத்திப் பிடிக்கும் கிளிப் உடைந்திருந்தது. விரல் நீளத் தகடு, அவ்வளவுதான். ஆனால் ஊரில் எந்தக் கடையிலும் அன்று அது இல்லை. சாயங்காலம் பள்ளி விடுவதற்குள் அவர் மலை ஏறியாக வேண்டும். ஜாபர் பட்டறைக்குப் பின்னால் போனான், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிளிப்போடு வந்தான். "எங்கடா புடிச்ச?" என்றேன். "இருந்துச்சு. வேலய பாரு" என்றான். பார்த்தேன். வேன் சத்தமில்லாமல் மலைக்குப் போனது.

அந்த டிரைவருக்கு அவன் சொல்லி அனுப்பியதை நான் மறக்கவில்லை. "இன்னா சத்தம் வந்தாலும் ஒடனே வந்துடு. ஒரு சத்தத்துக்குப் பழகிட்டின்னா அடுத்த சத்தம் காதுல வுழாது." நல்ல பேச்சு. ஊருக்கெல்லாம் சொன்னான். கடைசி மாதங்களில் வேலைக்கு நடுவே இடப்பக்கம் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நிற்பான். இன்னாடா என்று கேட்டால், "ஒன்னும் இல்லடா, ரொம்ப நாளா இருக்கறதுதான். பழகிப்போச்சு" என்பான். எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் யாருடைய வண்டியிலோ காதை வைத்துக் கேட்டவன் தன் நெஞ்சில் வைத்துக் கேட்கவில்லை.

அவன் போய்ச் சில வாரம் ஆகியிருக்கும். நஸ்ரீன் கூப்பிட்டாள். அவள் கல்வராயன் மலை மேல் வெள்ளிமலையில் நர்ஸ். அதுவரை ஜாபர்தான் காரில் கொண்டுபோய் விடுவான். "மாமா, இனிமே நானே ஓட்டிக்கினு போலாம்னு இருக்கேன். ஆனா வண்டில முன்னாடி சத்தம் வருது. அத்தா ஓட்டும்போது தோணல, இப்ப பயமா இருக்கு" என்றாள். ஜாபர் காரில் சத்தமா? நான் எப்போதும் பைக்கில் போகிறவன், அவன் காரில் ஏறியதே அபூர்வம். சாமான்களைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்கே போனேன். அந்த மலைச்சாலையின் வளைவுகள் எனக்குத் தெரியும். பால் ஜாயிண்டாக இருந்தால் இந்தப் பெண்ணின் கதி என்ன என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். கம்பி கொடுத்து நெம்பினேன். பால் ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தது, லிங்க் ராடும் சரி. சக்கரத்தை இறக்கி, நான் ஓட்ட அவள் இடப்பக்கம் உட்கார்ந்தாள். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். "மாமா, பேசாதீங்க" என்று கண்ணாடியை இறக்கினாள். தெருமுனை மேட்டில் டொக் என்றது. பிரேக்கைத் தொட்டபடி மறுபடி ஏறினேன். சத்தம் இல்லை.

வாசலுக்குத் திரும்பி இடச் சக்கரத்தைக் கழற்றினேன். பேடைப் பிடிக்கும் கிளிப் அங்கே இல்லை. உடைந்த துண்டுகூட இல்லை; கீறல் படாமல் பதமாகக் கழற்றி எடுக்கப்பட்டிருந்தது. அப்படிக் கழற்றுகிற கை எங்கள் பட்டறையில் ஒன்றுதான் இருந்தது. மலை வேனுக்கும் இந்தக் காருக்கும் முன் பிரேக் ஒரே மாதிரி. அவன் கார் எப்போதும் நிற்பது பட்டறைக்குப் பின்னால்தான்; அன்று அவன் அங்கே போய் எங்கே புடிச்சான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு கடைக்குக் கிளிப் வந்தபோதெல்லாம் அடுத்தவன் வண்டிக்குப் போட்டுவிட்டான். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. தெருவில் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை, பிரேக் நன்றாகப் பிடிக்கும், கடையில் புதுக் கிளிப் இருக்கிறது, மாட்டினால் சத்தம் போய்விடும் என்று நஸ்ரீனிடம் சொன்னேன். கணவனை இழந்த பெண்கள் வெளியாட்கள் முன் வராமல் இருக்கும் இத்தாக் காலம் என்பதால் ஜாபரின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினார். "அண்ணே, அந்தச் சத்தத்த எடுத்துடுவீங்களா?"

"ஆமாம்மா."

"தெருமுன மேட்டுல ஏறி எறங்கும்போது இங்க வரைக்கும் கேக்கும். வந்துட்டாருன்னு டீய அடுப்புல வெப்பேன். ஹாரன்கூட அடிக்க மாட்டாரு."

வண்டி ஓடும், அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவன் சொன்னதையே சொன்னேன். "பழகிட்டா அடுத்த சத்தம் கேக்காதும்மா. புள்ள தனியா மலையேறப் போவுது." "எடுத்துடுங்கண்ணே" என்றார்.

கடைக்குப் போய்க் கிளிப்பை எடுத்து வந்து மாட்டினேன்.

நண்பர்களே, அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு பேச்சைத்தான். ரொம்ப நாளாக இருக்கிற சத்தம்தான் என்று யார் சொன்னாலும், வண்டியானாலும் நெஞ்சானாலும், இனி நான் விடப்போவதில்லை. உங்களில் சிலர் என்னைத் தொல்லை பிடித்தவன் என்று சொல்கிறீர்களாம். சொல்லிக்கொள்ளுங்கள். அவனை நான் இப்படித் தொல்லை பண்ணியிருக்க வேண்டும்.

கிளிப்பை மாட்டிய பிறகு நஸ்ரீனை ஓட்டச் சொல்லி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். தெருமுனை மேட்டில் ஏறி இறங்கினோம். ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் வந்து வண்டி நின்றது. நாங்கள் வந்தது உள்ளே தெரியவில்லை. நஸ்ரீன் இறங்கிப் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.