காது மடங்காத கூண்டு

டெல்லியில் இருக்கும் மகன் வீட்டுக்கே நாங்கள் குடிபோகிறோம். நாயும் விமானத்தில் வருகிறது. அதற்கான கூண்டுக்கு என் வீட்டுக்காரர்தான் அளவெடுத்தார். மாட்டுச் சந்தையில் பழகியவர், நாயையும் மாடு மாதிரி முதுகு வரைக்குமே அளந்தார். திருப்பதியில் வாங்கி, சித்தூர் வீட்டுக்குக் கொண்டுவந்து நாயை உள்ளே நிறுத்தினால், காது கூரையில் இடித்து மடங்கியது.

"போற வரைக்கும் தலைய குனிஞ்சிக்கினு இருக்கட்டும், இன்னா இப்போ" என்றார்.

மறுபடி திருப்பதிக்கு அலைந்தோம். கடைக்காரர் கண்டிப்பாகச் சொன்னார்: "உள்ள நிக்கணும், திரும்பணும், நீட்டிப் படுக்கணும்மா. இல்லன்னா ஏத்த மாட்டாங்க."

பெரிய கூண்டாக மாற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். கூண்டுக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொள்ள அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சித்தூர் வரைக்கும், திரும்பக்கூட இடமில்லாமல், நின்றுகொண்டே வந்தேன்.