எங்கே என்று கேட்கும் கேமரா

ஹாம்பர்க்கில் நான் பல் துலக்கி முடிப்பதற்குள் சென்னை என் சமையலறைக்கு வந்துவிடும். மேசைமேல் கிடக்கும் டேப்லெட் ஒருமுறை சிணுங்கும். அப்பா அன்று காலை எடுத்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். ஒவ்வொன்றின் கீழும் இடத்தின் பெயர் இருக்கும். நான் வாங்கிக்கொடுத்த கேமரா அப்படி. நிற்கும் இடத்தைத் தானே குறித்துக்கொள்ளும், வீட்டு வைஃபைக்குள் நுழைந்ததும் படங்களைத் தானே எனக்கு அனுப்பிவிடும். அப்பா பொத்தானை அமுக்கினால் போதும். ஒருநாள் பார்சல் கொடுக்க வந்த எதிர்வீட்டு பிரிகிட்டே, வரைபடத்தில் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "உன் அப்பா காணாமல் போய்விட்டாரா?" என்று பதறினார். இல்லை, நடக்கிறாரா என்று பார்க்கிறேன் என்றேன். "நடப்பதில் சிரமமா?" சிரமமில்லை, சோம்பல் என்றேன். அவர் முகம் இன்னும் கடுமையானது. "இதற்கு அவரிடம் சம்மதம் வாங்கினாயா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குத்தான் சம்மதம் கேட்பார்கள், அதுவும் எல்லா வீட்டிலும் இல்லை. இதை எப்படி ஜெர்மன் மொழியில் சொல்வது என்று தெரியாமல் பார்சலை வாங்கிக்கொண்டேன்.

அப்பா தி.நகர் ஜவுளிக்கடையில் ஆயுசு முழுக்கச் சேலை விரித்துக் காட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. போன விடுமுறையில் என்னோடு கிளம்பி வந்துவிடுங்கள் என்று சண்டை பிடித்தேன். "அங்க வந்து சன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்றார். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். தினமும் காலையில் கடற்கரையில் நடந்தால் அவர் அவருடைய வீட்டிலேயே இருக்கலாம்; இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். சாட்சிக்குத்தான் கேமரா.

படங்கள் பிரமாதமாக வந்தன. நொச்சிக்குப்பத்துப் படகுகள், வலை, மீன் கூடை, கூடையையே பார்த்துக்கொண்டு நிற்கும் நாய். சொன்ன சொல் தவறாமல் நடக்கிறாரே என்று நெஞ்சு குளிர்ந்தது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரைதான் இறங்குவேனா என்றது. பிறகு ஒரு படத்தில் ஆட்டோவின் பக்கக் கண்ணாடி தெரிந்தது. கண்ணாடிக்குள் காக்கிச் சட்டை, கேமராவைக் கண்ணில் வைத்தபடி அன்வர். எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவர். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவர் எண்ணை வாங்கி வைத்திருந்தேன். மறுநாள் அப்பா நடக்கும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து அன்வரை அழைத்தேன்.

"இன்னாமா, சௌக்கியமா?"

"சௌக்கியம்ண்ணே. அப்பா எங்க?"

"நைனாவா? வாக்கிங் போய்க்கினு கீறாரும்மா."

"அப்ப கேமரா?"

"அது என்னாண்ட கீது. பீச்சாண்ட சவாரி போறப்ப நாலு போட்டா புட்சினு வரச் சொன்னாரு. நல்லா வந்துகீதா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. அப்பா எங்கண்ணே?"

"ஓட்டல்ல குந்திகினு பொங்கல்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். "தோ, சவாரி வந்துச்சும்மா." வைத்துவிட்டார்.

அன்று அப்பா வீடு திரும்பியதும் வீடியோவில் பிடித்தேன். நீலம் கேட்டு வந்தவளுக்குப் பச்சையை விரித்துக் காட்டும் பழைய லாவகத்தோடு, அன்வருக்குப் படமெடுப்பதில் எவ்வளவு திறமை என்று பேச ஆரம்பித்தார். உங்களுக்கு டிக்கெட் போடப்போகிறேன் என்றேன்.

"பாப்பா, நான் கெளம்பறப்ப உங்கம்மா ஒரு நாளாவது எங்கன்னு கேட்டிருப்பாளா? 'தூரமா?'ன்னுதான் கேப்பா. எங்கன்னு கேட்டா போற காரியம் வெளங்குமா? நீ குடுத்த பொட்டி, நின்ன எடத்துலல்லாம் எங்க, எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. எனக்குக் காலே எழும்ப மாட்டேங்குது."

பொங்கலுக்குச் சொன்ன சாக்கு என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த 'தூரமா?' அம்மாவின் குரலிலேயே கேட்டது. அதற்கு இஷ்டமிருந்தால் பதில் சொல்லலாம். இல்லையென்றால் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டலாம். பிரிகிட்டே ஒரு சட்டப் புத்தகமாக வைத்திருப்பதை அம்மா ஒரே வார்த்தையில் வைத்திருந்தாள். இடம் குறிப்பதை அணைத்துவிடுங்கள் என்றேன். கேமராவை அவரே தூக்கிக்கொண்டு நடப்பதாக அம்மா படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். இப்போது சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பொங்கல் அடியோடு நின்றிருக்கும் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை.

இப்போது படங்கள் பெயரில்லாமல் வருகின்றன. இன்று காலை ஒரு தெரு வந்தது. மஞ்சள் மதில், இஸ்திரி வண்டி, பாதி திறந்த இரும்புக் கதவு. பெரிதாக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், பிடிபடவில்லை. பொறுக்காமல் அப்பாவை அழைத்து, "இது எங்கப்பா?" என்று கேட்டேவிட்டேன்.

"எங்கன்னு கேக்கக் கூடாது," என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குரல் தணிந்தது. "நம்ம பின்தெருதான் பாப்பா. நீ சைக்கிள் பழகுன தெரு."

எனக்கு அழுகை வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து கோட்டை மாட்டினேன், சாவியை எடுத்தேன். அப்பா இன்னும் திரையில் இருந்தார்.

"தூரமா?" என்றார்.

என் அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

"ஆமாப்பா," என்றேன். "தூரந்தான்."