கெம்ப்கெஸ் வீட்டு இரைச்சல் நோட்டு

இயந்திரங்களைப் பாட வைத்த அந்த ஜெர்மன் நால்வரைப் பற்றி, டியூசல்டார்ஃப் நகரத்துக்காரர்களைப் பற்றி, இன்று தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. அவர்களுடைய டிக்-டும்முக்கு நியூயார்க் பிள்ளைகள் தெருவில் ஆடியதெல்லாம் அவற்றில் வந்துவிட்டது. ஆனால் அவர்களின் முதல் வரலாற்றை எழுதியவள் பக்கத்து வீட்டு வால்ட்ராவுட் கெம்ப்கெஸ். அவர்களைத் துரத்துவதற்காகத்தான் எழுதினாள்.

1974-இல் அவள் குடியிருந்த கட்டடத்தின் கொல்லைப்புறப் பட்டறையை அவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். பாட்டுக்காரர்கள் என்றதும் தலைமயிர் தோளில் புரளும் தடியன்கள் வருவார்கள் என்று அவள் சண்டைக்குத் தயாராக இருந்தாள். வந்தவர்களோ படிய வாரி, டை கட்டி, ஆபீசுக்குப் போவதுபோல் தினமும் சரியாக ஒரு மணிக்கு சைக்கிளில் வந்து இறங்கினார்கள். நிம்மதியாக வெறுக்கக்கூட விடவில்லை, பாவிகள்.

ஒன்று முதல் மூன்று வரை அந்தக் கட்டடத்தில் மதிய ஓய்வு நேரம். ஆணி அடிக்கக் கூடாது, கம்பளம் தட்டக் கூடாது. வால்ட்ராவுட்டின் சட்டம் இன்னும் கடுமை. கணவன் எகோனுக்குக் குழாய்த் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலை ஏழுக்குப் படுத்தால் பிற்பகல் மூன்றுக்குத்தான் எழுவான். அவன் தூக்கத்துக்காகப் பதினோரு வருஷமாக அவள் பகலில் குழாயைத் திறந்ததில்லை, ரேடியோ போட்டதில்லை. அந்தத் தூக்கத்தின்மேல்தான் இவர்கள் கைவைத்தார்கள்.

சண்டைக்குச் சாட்சி வேண்டும். ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டாள். "மார்ச் 4, 13.02: புல்லாங்குழல். 13.40: நின்றது. 13.41: அதைவிட மோசமான ஒன்று." ஜூனில்: "மேளக்காரனைக் காணோம். மேளம் தானாக அடிக்கிறது." ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் எகோனின் நிலை. கட்டில் கிரீச்சிட்டாலோ இருமல் கேட்டாலோ 'விழிப்பு'. குறட்டை கேட்டால் 'தூக்கம்'. பொய் எழுத அவளுக்குக் கை வராது. தினமும் எழுதினாளே தவிர, திருப்பிப் பார்த்ததில்லை.

அக்டோபரில் வழக்கு அக்கம்பக்கத்துத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் தால்ஹோஃபிடம் போனது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நால்வரில் மூத்தவன் யோர்க் ஒருபுறம் உட்கார்ந்தான். கெம்ப்கெஸ் தம்பதி மறுபுறம். தால்ஹோஃப் நோட்டை ஒருமுறை புரட்டினார், மறுபடியும் புரட்டினார்.

"ஏம்மா, செப்டம்பர்ல ரெண்டு வாரம் சத்தமே இல்லையே?"

"இவங்க பிரான்சுக்குக் கச்சேரிக்குப் போயிருந்தாங்க. சொர்க்கமா இருந்துச்சு."

"அந்த ரெண்டு வாரமும் உங்க வீட்டுக்காரர் முழிச்சுக்கிட்டே இருந்ததா எழுதியிருக்கீங்க. இவங்க டும் டும்னு அடிச்ச நாளெல்லாம் குறட்டைன்னு இருக்கு."

வால்ட்ராவுட் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். எகோன் தன் தொப்பியை ஆராயத் தொடங்கினான்.

யோர்க் மெதுவாகக் கேட்டான். "அந்த நோட்டை நாங்க எடுத்துக்கலாமா? என்னைக்கு என்ன வாசிச்சோம்னு எங்களுக்கே ஞாபகம் இல்ல."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றவள், நோட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, புகாரைத் திரும்பப் பெறும் தாள் கிழியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

வீடு திரும்பும் டிராமில் ஏறி உட்கார்ந்ததும் வால்ட்ராவுட் எகோனைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா ஒரு கரண்டிகூட கீழ விழாம பாத்துக்கிட்டேனே. தூங்காம என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்த?"

"காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"எத?"

"ஒண்ணுமே கேக்காது, ட்ராவுட். வீட்டுல இருக்கியா, என்ன விட்டுட்டுக் கிளம்பிட்டியான்னு தெரியாது. அவங்க சத்தம் வந்தப்புறம்தான், நீ அங்க நின்னு மனசுக்குள்ள அவங்களத் திட்டிக்கிட்டிருப்பேன்னு தெரியும். தூக்கம் வந்துச்சு."

"சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீதான் அவ்வளவு பாடுபட்டு அமைதியா இருந்தியே. கெடுக்க வேணாம்னு பாத்தேன்."

அவளுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. டிராமில் ஆட்கள் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. ஆனால் அழுதுவிட்டாள். வீணாய்ப்போன பதினோரு வருஷ மதியங்களுக்காகத்தான் அழுதாள். அவன் மட்டும் தனக்காக என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் ஒன்றரைக்கு அவள் இறைச்சித் துண்டுகளைப் பலகையில் போட்டு மரச்சுத்தியலால் அடித்தாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். யார் மேலோ கோபம் மாதிரித் தட்டுகளை அடுக்கினாள். அன்று எகோன் மூன்று மணிக்கும் எழவில்லை. அவள்தான் உள்ளே போய் அவனைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.