தண்ணீர் மேல் விழுந்த பழி

2011-ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலையில் மாடத்தி ஊருக்குக் கிளம்பினாள். வல்லக்கோட்டைக்குக் காவடி எடுத்து வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. சாலை நெடுக மஞ்சள் துணி, மொட்டைத் தலை, சந்தனம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகிற ஷேர் ஆட்டோ ஒவ்வொன்றும் பிதுங்கிக்கொண்டு வந்தது. நிறுத்தத்தில் மாடத்தியோடு மரகதம் நின்றுகொண்டிருந்தாள். பை மரகதத்தின் தோளில் இருந்தது. மாடத்தியின் விரல்கள் வீங்கி, வெடித்து, பையின் காதைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தன.

"யக்கா, உங்களச் சொல்லிக் குத்தமில்ல" என்றாள் மாடத்தி. "நான் தாமிரவருணியில குளிச்சு வளந்தவ. இந்த ஊருத் தண்ணி எனக்குச் சேரல. அவ்வளவுதான்."

"தண்ணி இன்னாடி பண்ணும்..." என்று ஆரம்பித்த மரகதம் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. முந்தானையால் மூடியிருந்த மரகதத்தின் கைகளிலும் அதே கொப்புளங்கள்.

ஒரு ஆட்டோ நின்றது. மாடத்தி இடித்துப் பிடித்து ஏறி, முழங்கையால் கம்பியைப் பற்றிக்கொண்டாள். "பொங்கலுக்கு வருவியா?" என்று மரகதம் கத்திக் கேட்டது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

மரகதத்துக்கு ஒரகடத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். அவர்களுடைய வேர்க்கடலைக் கொல்லை தொழிற்பேட்டைக்குள் போனபிறகு புருஷன் பாண்டுரங்கன் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டப் போனார். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஓடு வேய்ந்த அறைகள் கட்டி, தெற்கத்திப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். மரகதம் 2008-இல் கான்ட்ராக்டர் மூலம் ஒரு சின்ன ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். லாரிகளின் கியர் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயைக் கலந்து அடைக்கிற இடம் அது. அங்கே அவளுக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் சீட்டு அவளுடையது. ஊரில் எங்கே போனாலும் அவள் பாண்டுரங்கன் பொஞ்சாதி. ஷெட்டில் மட்டும் அவள் மரகதம். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடிந்ததில்லை.

எண்ணெயில் சேர்ப்பதற்கு டிரம் டிரம்மாக ஒரு கெட்டிச் சரக்கு வரும். தேன் நிறம், அழுகின பூண்டு நெடி. கியரின் பற்கள் ஒன்றையொன்று அரைத்துத் தேயாமல் காப்பது அதுதான். டிரம்மின் மேல் நீளமாக ஆங்கிலப் பெயர் இருந்தது. ஷெட்டில் எல்லாரும் அதை 'மருந்து' என்றார்கள். டிரம்மைச் சாய்த்து, மருந்தை வாளியில் பிடித்து, எடை போட்டுத் தொட்டியில் கொட்டுவது மரகதம், மாடத்தி, நடேசன் இன்னும் சிலர் வேலை. நடேசன் டிரம் உருட்டுகிறவன். பேச்சுக்காரன்.

கான்ட்ராக்டர் வாரத்துக்கு ஒரு ஜோடி நூல் கையுறை கொடுப்பார். திங்கட்கிழமை வெள்ளையாக இருக்கும் கையுறை செவ்வாய்க்கிழமையே மருந்தில் ஊறிப் பழுப்பாகிவிடும். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பிழிந்து கம்பி வேலியில் காயப்போட்டு, மணி அடித்ததும் மறுபடி மாட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்தால் பனியன் வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கையை நன்றாகத் தேய்த்துத் துடைப்பார்கள். நெடி போனால் சுத்தம் என்று கணக்கு.

கை அரிக்க ஆரம்பித்தபோது தெற்கத்திப் பெண்கள் யாரும் மருந்தைச் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் சந்தேகப்படத் தண்ணீர் இருந்தது. போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாளியில் வெள்ளையாக உப்புப் படியும். தலைமுடி கொத்தாகக் கையோடு வரும். கொப்புளமும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. குளிப்பதற்குக்கூடக் கேன் தண்ணீர் வாங்கினார்கள். மரகதத்துக்கு ரோஷம் வரும். "எங்க தண்ணியக் குடிச்சா வாயிதான்டி நீளும், சிரங்கு வராது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

அவள் கையிலும் வந்தபிறகு அந்தப் பேச்சை அவள் எடுப்பதில்லை. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு நீர் கோத்த பொடிக் கொப்புளங்கள். பிறகு வெடிப்பு. சாம்பாரில் உப்பு பார்க்க விரலை வைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"இன்னாடி கையி இது?" என்று பாண்டுரங்கன் கேட்டார்.

"பாத்திரம் தேய்க்கிற பவுடரு."

"அப்ப நான் தேய்க்கிறேன், குடு."

"ஆமா, தேய்ச்சிக் கிழிச்ச. போய் வண்டியத் தொட."

சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தென்காசிப் பக்கத்துப் பையன் தளவாய், முழங்கை வரைக்கும் வெடித்துப் போய் கான்ட்ராக்டரிடம் காட்டினான். "ஒத்துக்கலன்னா ஊருக்குப் போப்பா" என்றார் அவர், கோபம்கூட இல்லாமல். மறுநாள் கம்பெனி பஸ் தளவாய்க்காக நிற்கவில்லை. அன்றிலிருந்து ஷெட்டில் யாரும் யாரிடமும் கையைக் காட்டியதில்லை.

புரட்டாசியில் மாடத்தி இருந்த அறைக்குச் சுகப்பிரியா வந்தாள். மாடத்தியின் ஊருக்குப் பக்கத்து ஊர். ஷெட்டிலும் மாடத்தி இருந்த இடத்தில்தான் போட்டார்கள். தீபாவளிக்குள் அவள் மணிக்கட்டு சிவந்துவிட்டது. ஒரு சாயங்காலம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கேன் தண்ணீரைக் கையில் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாடத்திக்கா சொன்னாவ, நாந்தான் கேக்கல" என்றாள் மரகதத்தைப் பார்த்து. "இந்தத் தண்ணி நம்மளுக்கு ஆகாதாம்லா. அடுத்த வாரம் நானும் போயிருதேன்க்கா."

மரகதம் அங்கேதான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அதே போர்த் தண்ணீர். விரலெல்லாம் காந்தியது. இந்த ஊர்த் தண்ணீரில்தான் அவளைப் பிறந்த அன்று குளிப்பாட்டினார்கள். இதுதான் சேரவில்லை என்றால் தன் கைக்கு என்ன வந்தது? இந்தக் கேள்வி ஆடியிலேயே, அந்த ஆட்டோ நிறுத்தத்திலேயே அவளுக்குத் தோன்றியதுதான். இடம் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தாள். கொடுத்தால் வேலை போய்விடும்.

"அடுத்த வாரம் போவலாம். நாளைக்கு ஷிப்டுக்கு வா" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் ஷிப்டு தொடங்கும் முன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சூப்பர்வைசர் கோதண்டராமன் பேசுவார். நல்ல மனிதர், அவசரக்காரர். பேச்சு முடியும் தறுவாயில் மரகதம் முன்னால் வந்தாள்.

"சார், ஒரு நிமிசம்."

"ஓ.டி. பத்தி அப்புறம் பேசிக்கலாம் மரகதம்."

"ஓ.டி. இல்ல சார். கையி."

கையுறையை உருவினாள். உள்ளே தோல் ஒட்டிக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் வந்தது. கோதண்டராமன் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பினார்.

"எப்பலருந்து?"

"சித்திரையிலருந்து."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா தூக்கிடுவீங்க. தளவாயத் தூக்கலியா?"

அவர் முகம் கறுத்தது. "நான் தூக்கல. சரி, அதுக்கு என்ன பண்றது, இந்த ஊர்த் தண்ணி அப்படி. வெளியூர்ப் பொண்ணுங்க எல்லாத்துக்கும்..."

"சார், நான் இந்த ஊர்ல பொறந்து, அடுத்த தெருவுல வாக்கப்பட்டவ. நாப்பது வருசமா இதே தண்ணிலதான் குளிச்சிகினு கீறேன். எனக்கு எப்டி சார் போன சித்திரையிலருந்து ஒத்துக்காமப் போவும்?"

 உருவிய கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அட்டையைக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது பின்வரிசையிலிருந்து நடேசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தான்.

"அப்டியே இதையும் பாத்துடுங்க சார்."

"டேய், சித்திரையிலருந்து குளுருதுன்னுதான முழுக்கை போட்டுகினு வந்த!" என்று பக்கத்தில் ஒருவன் கேட்டான்.

"சித்திரை வெயில்ல எவனுக்குடா குளுரும்? நீ நம்பிகினு இருந்தியா?"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு இன்னொரு கை நீண்டது, அப்புறம் இன்னொன்று. கேட்டவனும் கடைசியில் தன் கையுறையைக் கழற்றினான். வருஷக்கணக்காகத் தோளோடு தோள் உரசி நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டார்கள். சுகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கோதண்டராமன் அன்றைக்கு மருந்து ஊற்றுவதை நிறுத்தினார். மரகதத்தையும் சுகப்பிரியாவையும் வேனில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூரில் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டு, கையில் போடுகிறதைக் காட்டு என்றார். மரகதம் இடுப்பில் செருகியிருந்த கையுறையை எடுத்தாள். டாக்டர் தன் கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு அதை ஒரு காகிதத்தின் மேல் பிழிந்தார். பழுப்பாகச் சொட்டியது.

"இதுக்குப் பேரு கையுறை இல்லம்மா, பத்துக் கட்டு. மருந்தை ஊற வச்சு, நாள் பூரா கையில கட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. வெறுங்கையோட இருந்தாக்கூட கழுவியிருப்பீங்க."

மண்ணெண்ணெயைப் பற்றிக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை அது எடுத்துவிடும், அப்புறம் மருந்து இன்னும் சுலபமாக உள்ளே போகும் என்றார். உடம்பு ஒரு தடவை இந்தச் சரக்கை வெறுத்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் பொங்கும் என்றார். மாடத்தி ஒரு தடவை லீவில் போய்க் குணமாகித் திரும்பியவள், வந்த முதல் நாளே கை வீங்கி அழுதது மரகதத்துக்கு ஞாபகம் வந்தது. ஊரில் நல்ல தண்ணீர், இங்கே கெட்ட தண்ணீர் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் கான்ட்ராக்டர் வந்தார். "யாரு சார் அந்தப் பொம்பள? பேர எடுத்துடலாமா?" என்று அவர் கேட்டது லேபிள் ஒட்டுகிற மேசைவரை கேட்டது. அங்கே மாற்றப்பட்டிருந்த மரகதம் லேபிளைக் கோணலாக ஒட்டினாள்.

"எடுத்துக்கங்க. அவங்களோட பாதி ஷெட்டையும் எடுக்கணும், பரவாயில்லையா?" என்றார் கோதண்டராமன். "கை ஆறற வரைக்கும் லேபிள்ல இருக்கட்டும். நீங்க நூல் கிளவுஸ் அனுப்புறத நிறுத்துங்க, அது போதும்."

ஸ்டோரில் நீல நிற ரப்பர் கையுறைகள் பெட்டியோடு இருந்தன. வெளியிலிருந்து யாராவது பார்வையிட வரும்போது மட்டும் வெளியே வருபவை. இப்போது அவை தினப்படிக்கு வந்தன. முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. "உள்ள கையி இட்லி மாதிரி வேவுது" என்று நடேசன் புலம்பினான். டீ நேரத்தில் வேறு ஜோடி மாற்றிக்கொள்ளலாம் என்றபிறகு கொஞ்சம் அடங்கினான். மண்ணெண்ணெய் டின் போய், வாசலில் குழாயும் சோப்பும் வந்தன. மருந்து பட்ட சட்டையை உடனே மாற்ற வேண்டும், கண்ணாடி போடாமல் டிரம்மைத் திறக்கக் கூடாது என்று ஆனது. வாளிக்குப் பதிலாக டிரம்மிலிருந்து நேரே தொட்டிக்குப் போகும் கைப்பம்பு வர அடுத்த வருஷம் ஆடி ஆகிவிட்டது. அதற்குள் கோதண்டராமன் மேலே எத்தனை முறை கேட்டாரோ.

மரகதத்தின் கை பொங்கலுக்குள் ஆறியது. அடையாளம் மட்டும் போகவில்லை. சுகப்பிரியா வேலையை விட்டு ஊருக்குப் போகவில்லை. ஷிப்டு தொடங்கும்போது ஒவ்வொருவர் கையுறையையும் பார்ப்பது மரகதத்தின் வேலையாகிவிட்டது. வாய்ப்பக்கத்தை முறுக்கிக் காற்றை அடைத்து அமுக்குவாள். எங்காவது ஓட்டை இருந்தால் காற்று புஸ்ஸென்று போகும்.

"இன்னா நடேசா, இதையே கட்டிகினு குடும்பம் நடத்தப் போறியா? தூக்கிப் போடு."

புதிதாகச் சேர வருகிறவர்களை முதலில் அவளிடம்தான் அனுப்பினார்கள். கையைக் காட்டு என்பாள். தன் கையையும் நீட்டுவாள்.

மாடத்தியின் நம்பர் அணைந்தே கிடந்தது. பொங்கலுக்குப் போன சுகப்பிரியா நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். "பீடி சுத்திக்கிட்டு இருக்காவ. எந்த ஊரும் எனக்கு ஆகாதுட்டி, இங்கனயே கெடக்கேன்னு சொல்லுதாவ. தண்ணி இல்லக்கா, மருந்துதான்னு சொன்னேன். கேட்டாவ. அடுத்த பீடியச் சுத்த ஆரம்பிச்சிட்டாவ."

மரகதம் தன் கையிலிருந்த அடையாளத்தைத் தடவினாள். ஆட்டோ நிறுத்தத்தில் முந்தானையை விலக்கியிருந்தால் போதும். அது மட்டும் அவளுக்கு ஆறவில்லை.

2015 ஆனி மாதத்தில் ஒரு நாள், டீ நேரத்தில், அவளுடைய செல்லில் தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"யக்கா நான் மாடத்தி. சுகப்பிரியாட்ட நம்பர் வாங்கினேன். எங்க ஊர்ப் பக்கம் கங்கைகொண்டான்ல ஒரு கம்பெனியில சேந்திருக்கேன், இங்கயும் அதே மருந்துதான். சேரும்போதே இந்த மருந்து எனக்கு ஆகாதுன்னு சொல்லிட்டேன், வேற எடத்துல போட்டுட்டாவ. இங்க ஒரு பிள்ளைக்குக் கை வெடிச்சிருக்கு. வேலை போயிரும்னு மறைச்சுக்கிட்டு இருக்கா. நீங்க அன்னைக்கு எல்லாரையும் எப்படிக் காட்ட வச்சிய? நாளைக்குக் காலைல நான் இங்க பேசணும், இன்னைக்கே சொல்லுங்க."