எங்கள் வீட்டில் தூளி கட்டியிருக்கிறது

போன வியாழக்கிழமை மதியம் என் வீட்டு வாசலில் ஐந்து பெண்கள் வந்து நின்றார்கள். ஆளுக்கொரு பை. உள்ளே என்னென்ன இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது — வசம்பு வளையல் ஒரு ஜோடி, கிரைப் வாட்டர் ஒரு பாட்டில், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டித் துணி, அரைக் கிலோ சர்க்கரை.

நான் போர்ட்டிகோவில் படுத்திருந்தேன். பனியன், கைலி. வாய் திறந்திருந்ததாகவும் பிறகு சொன்னார்கள்.

"மெல்லப் பேசுங்கடி… புள்ள முழிச்சுக்கப் போவுது" என்று மற்றவர்களை அடக்கிக்கொண்டே முதலில் உள்ளே வந்தவள் மலர்க்கொடி. எதிர்வீட்டுக்காரி. கிரில் கதவை ஓசைப்படாமல் திறந்து, அடி மேல் அடி வைத்து வந்து, தொங்கிய நீலத் துணியை விரலால் விலக்கி எட்டிப் பார்த்தாள்.

உள்ளே, அறுபத்து நான்கு வயதுக் குழந்தை ஒன்று மூக்குக் கண்ணாடியோடு தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் நான் விழாமல் இருந்தது என் பூர்வஜென்ம புண்ணியம்.

"அண்ணே! நீங்களா? பாப்பா வந்துருக்குன்னுல்ல நெனச்சோம்!"

விஷயம் இதுதான். மூன்று நாளாக எங்கள் கிரில் வழியே ஒரு நீலத் துணி தொங்குவது தெருவுக்குத் தெரிந்திருக்கிறது. 'க்ரீச்… க்ரீச்…' என்று ஆடும் சத்தமும் கேட்டிருக்கிறது. எங்கள் பூதலூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் துணி தொங்கி, அது ஆடி, சத்தமும் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் — தூளி. தூளி என்றால் குழந்தை. குழந்தை என்றால், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போன சுகுணா பேத்தியோடு வந்துவிட்டாள். கணக்கில் வழியெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். விடைதான் தப்பு.

சுகுணா என் மனைவி. வாராவாரம் வரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவளை நன்றாகவே தெரியும். நான் அவளைக் கிண்டல் செய்து எழுதுவேன். நீங்கள் அவள் பக்கம் நின்று எனக்குக் கடிதம் போடுவீர்கள். ஆவணியில் டல்லாஸ் போனாள். புரட்டாசியில் பேத்தி பிறந்தாள். ஆறு மாதம் இருந்துவிட்டு மாசியில் திரும்புவதாக ஏற்பாடு.

நான் ஏன் கூடப் போகவில்லை?

மாப்பிள்ளை கூப்பிட்டார். "மாமா, நீங்களும் வாங்களேன்" என்றார். நான் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்பா நடவ யாரு பாக்குறது மாப்ள?" என்றேன். ஆறு மா நிலம் — அதாவது இரண்டு ஏக்கர். அதைப் பத்து வருஷமாக என் சித்தப்பா மகன்தான் பார்த்துக்கொள்கிறான். நான் வரப்பில் நின்று நாலு கேள்வி கேட்பதோடு சரி. உண்மை என்னவென்றால், மாப்பிள்ளை இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. மாமாவுக்கு வேலை இருக்கிறது போலும் என்று அப்படியே நம்பிவிட்டார்! நான் மாமனார் இல்லையா? ஒரு தடவை கூப்பிட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியுமா, சொல்லுங்கள்?

ஆக, வீட்டில் நான் மட்டும்.

முதல் மாதம் ஜாலியாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ரிமோட் என் கையில். காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இரண்டாவது மாதம் ரிமோட் எங்கே என்று தேடவே தோன்றவில்லை. கொஞ்சம் சோறு வடித்தாலும் இரண்டு வேளைக்கு வந்தது. ரசம் மூன்று வேளைக்கு வந்தது. ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அந்த மூன்று நாளில் நான் வாய் திறந்து பேசிய மொத்தப் பேச்சு — பால்காரரிடம், "அரை லிட்டர் போதும்."

அப்புறம் தூக்கம் போயிற்று.

எங்கள் கட்டில் பெரியது. முப்பத்தாறு வருஷமாக நான் சுவரோரம், அவள் இந்தப் பக்கம். இப்போதும் நான் சுவரோரம்தான் படுக்கிறேன். நடுவில் நகர்ந்து கை காலை நீட்டிப் படுக்கலாம்தான்… யார் தடுத்தார்கள்? முடியவில்லை. திரும்பிப் படுத்தால் அந்தப் பாதி — விரிப்பு கசங்காமல், தலையணை குழியாமல் — அப்படியே கிடக்கிறது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தே படுத்துப் படுத்து இடது தோள் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. நமக்குத் தூக்கம் வரவில்லை என்பது இந்தப் போனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ!

ஹேமக். இரண்டு மரத்துக்கு நடுவே துணியைக் கட்டி, வெள்ளைக்காரர்கள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு கிடப்பார்களே, அதுதான். நம் லாரிக்காரர்கள் வண்டிக்கு அடியில் பெட்ஷீட்டைக் கட்டித் தூங்குவதும் அதேதான். அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மாமரம். ஒற்றை மரத்தில் எதைக் கட்ட முடியும்? ஆனால் விளம்பரம் என்னைப் போன்றவர்களை நினைத்தே எழுதியதுபோல் இருந்தது: 'இரண்டு மரம் தேவையில்லை! இரும்பு ஸ்டாண்டுடன் வருகிறது!' ஆர்டர் போட்டுவிட்டேன்.

கொரியர்காரர் நீளப் பெட்டி ஒன்றை மூச்சு வாங்க இறக்கிவைத்து, "என்ன சார் இது, இம்மாங் கனம்?" என்றார். "கட்டில்" என்றேன். ஏன் அந்தப் பொய்? வெட்கம்தான். வேறென்ன.

ஸ்டாண்ட் ஒன்பதடி நீளம். ஹாலில் போட்டால் பீரோவைத் திறக்க முடியாது. கார் நிறுத்தவென்று போர்ட்டிகோ கட்டினோம், கார் வாங்கவே இல்லை. அங்கே விரித்தேன். ஒரு ஸ்பேனர், படம் போட்ட தாள், இரண்டு மணி நேரம். எல்லாம் முடிந்தபின் ஒரு நட்டு மிஞ்சியது. எந்த இடத்து நட்டு என்று இன்றுவரை தெரியாது. ஜன்னல் மேல் வைத்திருக்கிறேன். படுக்கும்போதெல்லாம் ஒரு தடவை அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் தடவை, கட்டிலில் ஏறுவதுபோல முழங்காலை ஊன்றி ஏறினேன். அது ஒரு புரட்டுப் புரட்டி என்னைத் தரையில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் மேலே ஆடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை என்று எழுந்தேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்ட பிறகு, யாரும் பார்க்கவில்லையே என்றிருந்தது. சுகுணா இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பாள், அப்புறம் தைலம் எடுத்து வந்திருப்பாள்.

இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் துணியின் நடுவில் உட்கார வேண்டும். பிறகு காலைத் தூக்கிப் போட்டு, கொஞ்சம் கோணலாகப் படுக்க வேண்டும். நேராகப் படுத்தால் முதுகு வில்லாகிவிடும். கோணலாகப் படுத்தால் துணி விரிந்து கொடுக்கிறது, இரண்டு பக்கமும் எழுந்து வந்து ஆளைப் பொத்திக்கொள்கிறது.

அதில் பக்கத்து இடம் என்று ஒன்று கிடையாது. கசங்காத பாதி கிடையாது. ஒரு ஆள் படுத்தால் அது நிறைந்துவிடுகிறது. நான் இதை வாங்கியதே அதற்காகத்தான் என்பது படுத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்று மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? கையில் காபி டம்ளர், முகத்தில் இளிப்பு — ஹேமக்கில் கிடந்தபடி ஒரு செல்ஃபி எடுத்து சுகுணாவுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி: 'ராஜா மாதிரி இருக்கேன்.'

'நல்லா தூங்குறீங்களா?' என்று கேட்டிருந்தாள்.

'அடிச்சுப் போட்ட மாதிரி' என்று பதில் போட்டேன்.

மறுநாள் மகள் அபி கூப்பிட்டாள். "போட்டோ சூப்பர்ப்பா! நீங்க தனியா கஷ்டப்படுறீங்களோன்னு அம்மா தெனம் பொலம்பிட்டே இருந்தாங்க. இப்பதான் நிம்மதி." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா… அம்மா இன்னும் ஒரு ஆறு மாசம் இருக்கட்டுமா? நான் வேலைக்குத் திரும்பணும். மாசக் கடைசிக்குள்ள விசா நீட்டிக்க அப்ளை பண்ணணும்."

"தாராளமா" என்றேன்.

எப்படி இருக்கிறது? ஒரு போட்டோவுக்கு ஆறு மாதத் தண்டனை! நம்மூர் ஆண்கள் 'தாராளமா' என்று சொல்லும்போது மட்டும் யாரும் நம்பிவிடாதீர்கள். மனது முழுக்க 'வேண்டாம்' என்று இருந்தால்தான் அந்த வார்த்தை அவ்வளவு வேகமாக வெளியே வரும்.

இதற்கு இரண்டாம் நாள்தான் மலர்க்கொடி கோஷ்டி வந்தது. சிரித்து ஓய்ந்து, மற்ற நால்வரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"அண்ணி எப்பண்ணே வர்றாங்க? மாசியிலதான?"

"இல்ல மலரு. இன்னும் ஆறு மாசம் ஆவும். நான்தான் இருந்துட்டு வரட்டும்னு சொல்லிட்டேன்."

"ம்…" என்றாள். அந்த 'ம்'மை எனக்குப் பிடிக்கவில்லை. காலியான ஹேமக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"வெறுந் தூளிய ஆட விடாதீங்கண்ணே. வீட்டுக்கு ஆவாது. எந்திரிச்சுப் போனா ஒரு தலகாணியாவது எடுத்துப் போட்டுட்டுப் போங்க."

"இது தூளி இல்லம்மா. ஹேமக்கு."

"என்னமோ. துணி தொங்குது, ஆடுது… தூளிதான்."

வசம்பு வளையலை அவள் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. "பாப்பா வர்றப்ப போட்டு விடுங்க" என்று ஜன்னலில், அந்த நட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இதே பத்தியில் ராகுகாலத்தைக் கேலி செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஆனாலும் அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குக் கிளம்பியவன், கேட்டருகே நின்று திரும்பிப் பார்த்தேன். காற்றில் அது காலியாக ஆடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கட்டிலில் இருந்து ஒரு தலையணையை எடுத்து வந்து அதில் போட்டேன். குழியாமல் கிடந்ததே, அந்தத் தலையணையை. என்னுடையதும் பக்கத்தில்தான் இருந்தது. அதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீடியோ கால். பேத்தி ஒரு கொட்டாவி விட்டாள், அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். அப்புறம் நான் அறுவடைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன் — மிஷின் வந்து ஒரே காலையில் அறுத்து முடித்தது, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டது, வைக்கோலைக் கட்டுக் கட்டாகச் சுருட்டியது. சுகுணா கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க… பின்னால அதுல கெடக்குறது என் தலகாணிதான?"

"ஆமா."

"அது ஏன் அங்க இருக்கு?"

"வெறுந் தூளி ஆடக் கூடாதாம். மலர்க்கொடி சொல்லிச்சு."

"நீங்க எப்பலேருந்து இதெல்லாம் நம்புறீங்க?"

ஹேமக் தெரியாதபடி போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தேன்.

"உங்க தலகாணி எங்க?"

"கட்டில்ல."

டல்லாஸில் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நெசமா தூங்குறீங்களா?"

"அதான் போட்டோ அனுப்பினேனே."

"போட்டோவுல கண்ண முழிச்சுகிட்டுல்ல இருந்தீங்க" என்றாள். பிறகு, "மாப்ள கேக்குறாரு. அப்ளை பண்ணலாமா, டிக்கெட்ட அப்படியே வைக்கலாமான்னு. நீங்களே சொல்லுங்க. இருக்கவா, வரவா?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் இரண்டெழுத்து கூட இல்லை, ஓரெழுத்து. 'வா.' நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உன் இஷ்டம்."

"சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'உன் இஷ்டம்' — கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது! அதைவிடக் கஞ்சத்தனமான பேச்சு உலகத்தில் உண்டா? மாப்பிள்ளை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார் என்று ஆவணியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சுகுணாவை ஒரு தடவையாவது கூப்பிட்டேனா?

அவள் வாராவாரம் இந்தப் பத்தியை அங்கே போனில் படித்துவிடுவாள். இதழ் வரும் நாளுக்கும் மாதக் கடைசிக்கும் நடுவே நாலு நாள் இருக்கிறது. நேரில் சொல்லத் துப்பில்லாதவனுக்கு அச்சில் சொல்ல ஒரு பக்கம் கிடைத்திருக்கிறது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் ஒரு பாரா மட்டும் உங்களுக்கில்லை.

சுகுணா, நான் ராஜா மாதிரி இல்லை. ராத்திரியில் தூக்கம் வரவில்லை. நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. வா. அபியால் தனியாகச் சமாளிக்க முடியாதென்றால், மாப்பிள்ளையை என்னைக் கூப்பிடச் சொல். ஒரு தடவை போதும். அறுவடை முடிந்துவிட்டது, எனக்கு இனி சாக்கு இல்லை.

மற்றவர்களுக்கு — ஹேமக் நல்ல பொருள்தான். முதுகுக்கு இதம். கோணலாகப் படுங்கள், நட்டு மிஞ்சினால் பயப்படாதீர்கள். பெட்டியின் மேல் 'இரண்டு மரம் தேவையில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான்.

அதை மட்டும் நம்பாதீர்கள்.