துப்பாக்கியும் குங்குமமும்

நிலக்கடலைப் பருப்புக்குள் இருக்கும் கருவைச் சுடுகிற துப்பாக்கி அது. பேர்தான் துப்பாக்கி, பார்த்தால் ஒரு பெட்டி மாதிரி இருக்கும். வேறொரு செடியின் மரபணுவைத் தங்கத் தூளில் பூசி, ஹீலியம் வாயுவின் அழுத்தத்தில் சுட்டால், தூள் செல்லுக்குள் பாய்ந்துவிடும். பிழைக்கிற செல்லிலிருந்து இலைப்புள்ளி நோயைத் தாங்கும் கடலைச் செடி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கறம்பக்குடிப் பக்கம் எங்கள் கடலைக் கொல்லையில் அந்த நோய் வராத வருஷமே கிடையாது.

எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு அந்தக் கருவி இரவலாக வந்தது. மறுநாள் திருப்பி அனுப்ப வேண்டும். அன்று சுடுவதுதான் என் ஆராய்ச்சிக்குக் கடைசி வாய்ப்பு. அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார். பார்க்கட்டுமே என்று உள்ளே விட்டேன். ‘டப்’ என்று சத்தம் வந்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“வெதையப் போயி சுடுறியேடி, பாவமில்லையா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சுட்டு முடித்ததும் பேராசிரியர் கூப்பிட, பக்கத்து அறைக்குப் போனேன். திரும்பி வந்தால், கருக்கள் இருந்த கண்ணாடித் தட்டுகளின் மூடிகளெல்லாம் திறந்து கிடக்கின்றன. அம்மா கோயில் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, தட்டுக்கு ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டிருக்கிறார். விதைக்கிற அன்று விதைப்பெட்டிக்கு வைப்பாரே, அதே மாதிரி, வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டு.

வெளிக்காற்று பட்டாலே கெட்டுப்போகிற கருக்கள் அவை.

“அய்யய்யோ, எல்லாத்தையும் கெடுத்துட்டியேம்மா!”

நான் போட்ட கூச்சலில் பேராசிரியரே ஓடிவந்துவிட்டார். அம்மா பொட்டலத்தை மடிக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

“நல்லா மொளைக்கணும்னுதாண்டி ஆத்தா வச்சேன்.”

அந்த வாரமே எல்லாத் தட்டிலும் பூஞ்சை. “மொளைச்சிருச்சா?” என்று அம்மா போனில் கேட்டபோது, “பூஞ்சைதான் மொளைச்சிருக்கு. எல்லாம் செத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

அடுத்த பட்டத்தில் கடலை போடும்போது நானும் ஊரில் இருந்தேன். ஆட்கள் காத்திருக்கிறார்கள். அம்மா குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு விதைப்பெட்டி முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

“ஏம்மா, வையேன்” என்றேன்.

“இதுக்கு வைக்கலாமாத்தா? செத்துப்போயிராதுல்ல?”

அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் பதில் சொல்லும்வரை அவர் கை பெட்டிப் பக்கம் போகவே இல்லை.